மூதூர்த் தொகுதியும் சேருவிலவின் பிறப்பும்
திருகோணமலை மாவட்டத் தேர்தல் எல்லைகள் பற்றிய ஒரு நோக்கு

தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டில் சில வருடங்களுக்கு ஒருமுறை எழும்பும். எழும்பும்போதெல்லாம் "தொகுதி முறை திரும்பி வந்தால் நம்மட ஊருக்கென்று ஒரு எம்.பி. இருப்பாரே" என்று கிண்ணியாவிலும் மூதூரிலும் தேநீர்க் கடைகளில் கதைப்பார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் தொகுதி என்றால் எல்லை என்று பொருள். எல்லை என்றால் அதைப் போடுகிற ஒரு கை என்று பொருள். திருகோணமலை மாவட்டத்தில் அந்தக் கை கடைசியாக 1976இல் கோடு போட்டபோது என்ன நடந்தது என்பதைப் பெரும்பாலான நம் இளைஞர்கள் கேள்விப்பட்டதே இல்லை. அந்த வரலாற்றை ஓரிடத்தில் தொகுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொகுதி முறைக்கு முன்

பிரித்தானியர் காலத்துச் சட்டசபையில் முஸ்லிம்களுக்கு இனரீதியான ஆசனம் இருந்தது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு அதை ஒழித்து, சர்வசன வாக்குரிமையையும் பிரதேசத் தொகுதிகளையும் கொண்டுவந்தது. அரசாங்க சபையில் நமது மாவட்டத்துக்குத் தனித் தொகுதி கிடையாது. வெருகலுக்கு வடக்கே இருந்த நாங்கள் மட்டக்களப்போடு சேர்த்து "திருகோணமலை - மட்டக்களப்பு" என்ற ஒரே தொகுதியாக இருந்தோம். 1931இல் எம்.எம். சுப்பிரமணியமும் 1936இல் ஈ.ஆர். தம்பிமுத்துவும் அதன் உறுப்பினர்கள். மட்டக்களப்பு தெற்கில் 1931இல் எச்.எம். மாக்கான் மாக்கார் வென்றார். 1936இல் அந்த ஆசனமும் போயிற்று. அந்தச் சபைக்குப் பிரதேசத் தொகுதி எதிலிருந்தும் ஒரு முஸ்லிம் தெரிவாகவில்லை. ரி.பி. ஜாயாவும் ஏ.ஆர்.ஏ. ராசிக்கும் நியமன உறுப்பினர்களாகவே அமர்ந்தார்கள்.

இந்த அனுபவத்தை வைத்துத்தான் சோல்பரி ஆணைக்குழு தனது சூத்திரத்தை அமைத்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் 75,000 பேருக்கு ஒரு ஆசனம், அதற்கு மேல் ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் ஒரு ஆசனம் என்பது அதன் கணக்கு. சனம் குறைந்து நிலம் பரந்த மாகாணங்களில் சிறுபான்மையினர் வாழ்ந்தபடியால், நிலத்துக்குக் கொடுத்த ஆசனம் மறைமுகமாகச் சிறுபான்மைக்குக் கொடுத்த ஆசனமாயிற்று. கிழக்கு மாகாணத்துக்குக் கிடைத்த ஏழு தொகுதிகளில் நான்கு நிலப்பரப்பின் பேரில் வந்தவை. இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒரு பகுதியில் இனத்தாலோ மதத்தாலோ ஒன்றுபட்ட சிறுபான்மை கணிசமாக இருந்தால், அவர்களுக்குப் பிரதிநிதித்துவம் கிடைக்கும் விதமாக எல்லை போடலாம். தேவையானால் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர் கொண்ட தொகுதியும் அமைக்கலாம்.

1947: இரண்டு தொகுதிகள்

அந்த ஏழு தொகுதிகளில் இரண்டு நமது மாவட்டத்தில் அமைந்தன. துறைமுக நகரையும் வடக்குக் கரையையும் உள்ளடக்கியது திருகோணமலைத் தொகுதி. கொட்டியாரக் குடாவின் தெற்கிலும் மேற்கிலும் கிடந்த ஊர்கள் மூதூர்த் தொகுதி. 1947 தேர்தலில் திருகோணமலையில் தமிழ்க் காங்கிரசின் எஸ். சிவபாலன் வென்றார். மூதூரில் ஏ.ஆர்.ஏ.எம். அபூபக்கர் வென்றார். பொத்துவில், கல்முனை, மட்டக்களப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் கிழக்கின் ஏழு ஆசனங்களில் நான்கில் முஸ்லிம்கள் வெற்றி பெற்றிருந்தார்கள். 1936இன் பூச்சியத்திலிருந்து பதினொரு வருடத்தில் நான்குக்கு வந்ததற்கு நமது சனம் பெருகியது காரணமல்ல. எல்லை மாறியது காரணம்.

அப்போதைய மாவட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1946 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை சுமார் 76,000. அதில் நூற்றுக்கு 40 பேர் அளவில் தமிழர், 30 பேர் அளவில் முஸ்லிம்கள், 20 பேர் அளவில் சிங்களவர்.

இரட்டை அங்கத்தவர் மூதூர்

1959இல் புதிய எல்லை நிர்ணயம் நடந்தது. நாடு முழுவதும் 145 தொகுதிகள், 151 உறுப்பினர்கள் என்று வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர் கொண்ட தொகுதிகள் ஐந்தே ஐந்து. கொழும்பு மத்திக்கு மூன்று உறுப்பினர். கொழும்பு தெற்கு, அக்குறணை, மட்டக்களப்பு, மூதூர் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. சிறுபான்மையினர் கலந்து வாழ்ந்த பெரும் தொகுதிகள் இவை என்பதைப் பட்டியலைப் பார்த்தாலே விளங்கும்.

மூதூர் இரட்டைத் தொகுதியானதன் விளைவு, ஒவ்வொரு வாக்காளர் கையிலும் இரண்டு வாக்கு இருந்ததுதான். எங்கள் ஊரில் வயதானவர்கள் இன்றைக்கும் அந்தக் காலத்தை "ரெண்டு வோட்டுக் காலம்" என்றே சொல்லுவார்கள். என் மூத்தாப்பா அதை இப்படி விளக்குவார்: "மனே, ஒரு வோட்டு நம்மட ஆளுக்கு. மத்த வோட்டக் கேட்டு அவங்கட ஆள் நம்மட வாசலுக்கு வரணும். நம்மட ஆள் அவங்கட வாசலுக்குப் போகணும்." தேர்தல் அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார். கிளிவெட்டிக்கும் சம்பூருக்கும் முஸ்லிம் வேட்பாளர் போக வேண்டியிருந்தது. கிண்ணியாவுக்கும் தோப்பூருக்கும் தமிழ் வேட்பாளர் வர வேண்டியிருந்தது.

இதன் பலன் இன வரம்புக்குள் அடங்கவில்லை. 1960களில் மூதூரின் ஓர் உறுப்பினராக ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஏ.எல். அப்துல் மஜீத் இருந்தார். மற்ற உறுப்பினராகத் தமிழரசுக் கட்சியின் பேரில் எம்.ஈ.எச். முகம்மது அலி இருந்தார். தமிழரசுக் கட்சியின் சின்னத்தில் ஒரு முஸ்லிம் பாராளுமன்றம் போனார் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1970இல் அப்துல் மஜீத்தோடு தமிழரசுக் கட்சியின் அ. தங்கத்துரை தெரிவானார். ஒரு முஸ்லிம், ஒரு தமிழர். இரட்டைத் தொகுதி எதற்காக அமைக்கப்பட்டதோ அதைச் செய்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. வேலைவாய்ப்பிலும் காணியிலும் மனக்கசப்புகள் அப்போதும் இருந்தன. ஆனால் மற்றச் சமூகத்தின் முகத்தைப் பாராமல் வெல்வது கடினம் என்ற நிலையை அந்த எல்லை உண்டாக்கி வைத்திருந்தது.

நிலம் மாறுகிறது

இதே காலத்தில் மாவட்டத்தின் உட்பகுதி மாறிக்கொண்டிருந்தது. கந்தளாய்க் குளத்தின் கீழும் வெருகல் ஆற்றை நம்பிய அல்லைத் திட்டத்திலும் பெரும் குடியேற்றங்கள் வந்தன. முதலிக்குளம் எனப்பட்ட இடம் மொறவெவ ஆயிற்று. வடமேற்கே பதவியாத் திட்டத்தின் ஒரு பகுதி நமது மாவட்டத்துக்குள் பதவிசிறிபுர என்ற பேரில் நீண்டது. கந்தளாயில் சீனித் தொழிற்சாலை எழுந்தது.

குடியேறியவர்களில் பெரும்பாலோர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள். காணியில்லாத ஏழைகள்தான் அவர்களும். அந்தக் குடும்பங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை இருந்தால் அது எந்த மாவட்டத்துக் காணியை எந்த விகிதத்தில் யாருக்குக் கொடுப்பது என்று தலைநகரில் இருந்து தீர்மானித்தவர்கள் மேல்தான். 1946இல் ஐந்தில் ஒரு பங்காக இருந்த சிங்கள மக்கள் 1981இல் மூன்றில் ஒரு பங்கானார்கள். அந்த வருடக் கணக்கில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மாவட்டம் ஏறத்தாழ மூன்று சம கூறுகளாக நின்றது.

1976: கோடு

1972 அரசியலமைப்பும் சனத்தொகை, நிலப்பரப்பு என்ற பழைய சூத்திரத்தையே வைத்திருந்தது. 1975இல் அதற்கு வந்த முதலாவது திருத்தம் 75,000 என்ற எண்ணை 90,000 ஆக்கியது. நோயல் தித்தவெல்ல தலைமையிலான ஆணைக்குழு 1976இல் புதிய எல்லைகளை அறிவித்தது. 160 தொகுதிகள், 168 உறுப்பினர்கள். நமது மாவட்டத்தில் சேருவில என்ற புதிய தொகுதி பிறந்தது.

இங்கேதான் வாசகர் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். 1970இல் மாவட்டத்துக்கு மூன்று ஆசனம்: திருகோணமலைக்கு ஒன்று, மூதூருக்கு இரண்டு. 1977இலும் மூன்று ஆசனம்: திருகோணமலைக்கு ஒன்று, மூதூருக்கு ஒன்று, சேருவிலவுக்கு ஒன்று. நாடு முழுக்க உறுப்பினர் தொகை 151இலிருந்து 168 ஆகக் கூடியபோதும் நமது மாவட்டத்துக்கு ஒன்றுகூடக் கூடவில்லை. புதிய தொகுதி என்று சொல்லப்பட்டது புதிய ஆசனம் அல்ல. மூதூரின் இரண்டாவது ஆசனமே இடம்பெயர்ந்து வேறு பேரில் வந்தது.

அது எங்கே போய் அமர்ந்தது என்பதற்கு வரைபடத்தை எடுத்து விரித்துப் பார்க்க வேண்டும். தெற்கே மட்டக்களப்பு எல்லையில் வெருகல், ஈச்சிலம்பற்றை. அங்கிருந்து சேருவில. மேற்கே திரும்பிக் கந்தளாய். வடக்கே ஏறி மொறவெவ, கோமரங்கடவல, கடைசியில் பதவிசிறிபுர. மாவட்டத்தின் உள்நாட்டு எல்லை முழுவதையும் அணைத்துக்கொண்டு ஒரு வளைவு. அந்த வளைவுக்கும் கடலுக்கும் இடையில் திருகோணமலையும் மூதூரும். வெருகலில் இருக்கும் ஒருவருக்கும் பதவிசிறிபுரவில் இருக்கும் ஒருவருக்கும் சந்தையும் ஒன்றல்ல, பாதையும் ஒன்றல்ல, ஆறும் ஒன்றல்ல. குடியேற்றத் திட்டங்கள் ஒன்றுக்கொன்று தொடுத்து நிற்பதே அந்தத் தொகுதியின் உருவத்துக்கு ஆதாரம்.

பெயரும் கவனிக்கத்தக்கது. அந்தத் தொகுதியில் சனம் கூடிய நகரம் கந்தளாய். ஆனால் தொகுதிக்கு வைத்தது பௌத்தர்களின் புனித விகாரை உள்ள சேருவிலவின் பெயரை.

எல்லைக் கோட்டை வளைத்து முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பது உலகத்துக்குப் புதிதல்ல. 1812இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட சட்டத்தின்படி வந்த ஒரு தொகுதி, பல்லி வடிவத்தில் நெளிந்து கிடந்ததால் அவர் பேரிலேயே இந்த வித்தைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டாயிற்று. இரண்டு வழிகளில் இதைச் செய்யலாம். ஒரு சமூகத்தைப் பல தொகுதிகளுக்குள் சிதறடித்து எங்கும் வெல்லவிடாமல் செய்யலாம். அல்லது ஒரே தொகுதிக்குள் அடைத்து, வெளியே அதன் குரலை இல்லாமல் செய்யலாம்.

அதே நேரம் மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்த சிங்கள மக்களுக்கு ஓர் ஆசனம் கிடைப்பது அநியாயம் அல்ல. சோல்பரி சூத்திரத்தின் நியாயம் நமக்குப் பொருந்தும்போது அவர்களுக்கும் பொருந்தும். கேள்வி அவர்களுக்குக் கொடுத்தது பற்றியதல்ல. மூன்று சமூகம் வாழ்கிற மாவட்டத்துக்கு நான்காவது ஆசனம் ஒன்றைத் தேடாமல், இருந்த இரட்டைத் தொகுதியை உடைத்து அதைக் கொடுத்தது பற்றியது.

யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்

1977 தேர்தலில் திருகோணமலையில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் இரா. சம்பந்தன், மூதூரில் ஐக்கிய தேசியக் கட்சியின் எம்.ஈ.எச். மஹ்ரூப், சேருவிலவில் அதே கட்சியின் எச்.டி.எல். லீலாரத்ன வென்றார்கள். ஒரு தமிழர், ஒரு முஸ்லிம், ஒரு சிங்களவர். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சமமான பங்கீடு இல்லை.

நட்டம் முதலில் மூதூர்ப் பக்கத்துத் தமிழருக்கு. 1970இல் தங்கத்துரை அமர்ந்த ஆசனமே இல்லாமல் போயிற்று. சம்பூர், கிளிவெட்டிப் பகுதித் தமிழர்கள் முஸ்லிம் பெரும்பான்மைத் தொகுதியில் சிறுபான்மையானார்கள். ஈச்சிலம்பற்றைத் தமிழர்கள் சிங்களப் பெரும்பான்மைத் தொகுதியில் சிறுபான்மையானார்கள். இதை நாம் நமது பக்கங்களில் எழுதியது குறைவு. நமது ஆசனம் பத்திரமாக இருந்ததனால் அயலவரின் ஆசனம் போனதைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை என்பதே என் கருத்து.

நமக்கும் நட்டம் இருந்தது. மூதூர், தோப்பூர், கிண்ணியா ஒரு தொகுதிக்குள் பலமாக வந்தன, உண்மை. ஆனால் கந்தளாய் முஸ்லிம்கள் சேருவிலவுக்குள் போனார்கள். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை, நகரத்து முஸ்லிம்கள் எல்லாம் திருகோணமலைத் தொகுதியில். மாவட்டத்தில் நூற்றுக்கு 30 பேர் அளவில் இருந்த ஒரு சமூகம் மூன்று பெட்டிகளில் கிடந்தது. ஒரு பெட்டியில் வெற்றி, இரண்டு பெட்டிகளில் யாருக்காவது துணை.

எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம் அந்த இரண்டாவது வோட்டு. 1977இலிருந்து மூதூரில் முஸ்லிம் வேட்பாளர் தமிழ்க் கிராமத்துக்குப் போகாமலும் வெல்லலாம் என்றாயிற்று. பிறகு வந்த வருடங்களில் இந்தச் சமூகங்களுக்கு இடையில் நடந்ததற்கெல்லாம் தொகுதி எல்லையே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் கெட்ட காலம் வந்தபோது பேசிப் பழகிய வாசல்கள் குறைவாக இருந்தன. ஏ.எல். அப்துல் மஜீத் 1987 நவம்பரில் கொல்லப்பட்டார். தங்கத்துரை 1997 ஜூலை 5ஆம் திகதி கொல்லப்பட்டார். பதினைந்து நாள் கழித்து, அதே ஜூலை 20ஆம் திகதி மஹ்ரூப் கொல்லப்பட்டார். மூதூர் தெரிவு செய்து அனுப்பிய மூவர். 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஊரோடு பெயர்ந்து கந்தளாய்க்கு நடந்தபோது, தொகுதி எல்லையைத் தாண்டித்தான் நடந்தார்கள். பசிக்கும் தாகத்துக்கும் அந்த எல்லை தெரியவில்லை.

ஒரே ஒரு பொதுத்தேர்தல்

இவ்வளவு பேச்சுக்கும் காரணமான அந்த எல்லைகளின்படி நடந்த பொதுத்தேர்தல் ஒன்றே ஒன்றுதான். 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. நாடு 22 தேர்தல் மாவட்டங்களாயிற்று. சேருவில, திருகோணமலை, மூதூர் மூன்றும் வாக்கு எண்ணும் பிரிவுகளாக மட்டும் மிஞ்சின. இன்றைக்கும் தேர்தல் இரவில் வானொலியில் "சேருவிலத் தேர்தல் தொகுதி" என்று முடிவு சொல்லக் கேட்கிறோம். அந்தப் பேரில் பாராளுமன்றம் போன ஒரே ஆள் லீலாரத்ன.

விகிதாசார முறை முதலில் நமக்குச் சாதகமாக எழுதப்படவில்லை. எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காத கட்சிக்கு மாவட்டத்தில் ஆசனம் இல்லை என்று விதி இருந்தது. 1988இல் பதினைந்தாவது திருத்தம் அதை இருபதில் ஒரு பங்காக்கியது. எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் பேச்சுவார்த்தை வல்லமை அதன் பின்னால் இருந்தது என்பது நாம் எல்லோரும் அறிந்தது.

இந்த முறையில் புல்மோட்டையின் வாக்கும் தோப்பூரின் வாக்கும் கந்தளாயின் வாக்கும் ஒரே பானையில் விழுந்தன. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 பேர் அளவில் இருந்தார்கள். நான்கு ஆசனங்களில் 2015இலும் 2020இலும் இரண்டு முஸ்லிம்கள் மாவட்டத்திலிருந்து தெரிவானார்கள். 2024இல் ஒருவர்தான், இம்ரான் மஹ்ரூப். அவர் 1977இல் மூதூரில் வென்றவரின் மகன். விகிதாசாரமும் உத்தரவாதம் அல்ல என்பதை அந்த 2024 முடிவு காட்டுகிறது. ஆனால் வாக்கு சிதறியதால் இழந்த ஆசனத்தை அடுத்த தேர்தலில் மீட்கலாம். எல்லையால் இழந்த ஆசனத்தை மீட்க இன்னொரு ஆணைக்குழு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மீண்டும் வரும் கோடு

கோடு போடும் வேலை திரும்பவும் தொடங்கியாயிற்று. 2018 உள்ளூராட்சித் தேர்தல் வட்டார முறையும் விகிதாசாரமும் கலந்து நடந்தது. மாகாண சபைகளுக்கு 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பாதிக்குப் பாதி தொகுதி முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. எதிராக 139. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பரில். அப்துல் மஜீத்தின் மகன் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானது அந்தத் தேர்தலுக்குப் பிறகுதான்.

அறிக்கை தோற்றதில் நமக்குத் திருப்தி இருக்கலாம். ஆனால் தோற்கடிப்பது ஒரு வேலை, மாற்று வரைபடம் கையில் வைத்திருப்பது வேறு வேலை. ஆணைக்குழு மாவட்டத்துக்கு வந்து பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது, பள்ளிவாசல் சம்மேளனம் ஒரு பக்கக் கடிதத்தோடு போய் "எங்களுக்கு ஒரு தொகுதி வேண்டும்" என்று சொன்னால் போதாது. எந்தக் கிராம சேவகர் பிரிவு எந்தத் தொகுதிக்குள் வர வேண்டும், ஏன், சந்தை எது, பாடசாலை எது, ஆஸ்பத்திரி எது, வயல் எந்தக் குளத்தின் கீழ் என்று பட்டியலோடு போக வேண்டும்.

என் முடிபை மூன்றாகச் சுருக்கலாம். ஒன்று: மூன்று சமூகம் கலந்து வாழும் நமது மாவட்டத்துக்குத் தனி அங்கத்தவர் தொகுதி மட்டும் பொருந்தாது. கலப்பு முறை வந்தால் பல அங்கத்தவர் தொகுதியை நாம் கேட்க வேண்டும். அது சட்ட வரலாற்றில் இல்லாத கோரிக்கை அல்ல, 1960 முதல் 1977 வரை மூதூரில் நடைமுறையில் இருந்ததுதான். இரண்டு: மூதூரையும் கிண்ணியாவையும் மட்டும் காப்பாற்றிக்கொண்டு கந்தளாயையும் புல்மோட்டையையும் மறக்கும் வரைபடத்தை நமது தலைவர்கள் ஏற்கக் கூடாது. மூன்று: ஆணைக்குழு வருமுன்பே தமிழ் அயலவரோடும் சிங்கள அயலவரோடும் உட்கார்ந்து பேச வேண்டும். ஒருவருக்கு நட்டம் வராமல் இன்னொருவருக்குக் கொடுக்க வழி உண்டா என்று பார்க்க வேண்டும். 1976இல் அப்படி ஒரு பேச்சு நடந்திருந்தால் மாவட்டத்துக்கு நான்காவது ஆசனம் ஒன்றை மூவரும் சேர்ந்து கேட்டிருக்கலாம்.

நமது ஊர்களில் ரெண்டு வோட்டுக் காலத்தில் வாக்களித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர்கள். எந்தக் கிராமத்தில் யாரோடு பேசினோம், எப்படி உடன்பட்டோம் என்பது அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கும் வேலையை நமது பல்கலைக்கழக மாணவர்கள் இந்த வருடமே தொடங்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆணைக்குழு முன் வைக்கும் சான்றுகளில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.